சாய்மனைக் கதிரையும் சமூக வரலாறும்

பழைய தளபாடங்களை மதிப்பிடுவோர் பெரும்பாலும் மரத்தின் வகையையும் மெருகின் பொலிவையுமே நோக்குவர். ஆயின், ஓர் இருக்கையை ஆராயுமிடத்து, அதில் அமர்ந்தோர் யாவர், அதன்முன் நின்றோர் யாவர் என்னும் வினாக்களும் எழுதல் வேண்டும். மாத்தளைப் பகுதித் தோட்டப் பங்களாக்களின் விறாந்தைகளுக்கு உரித்தாயிருந்த சாய்மனைக் கதிரை இவ்வாராய்ச்சிக்குத் தக்கதோர் சான்றாகும்.

'கதிரை' என்னுஞ் சொல் போர்த்துக்கேய மொழியிலிருந்து ஈழத்துத் தமிழிற் புகுந்தது. அதற்கு முன்னர் நம்மவர்க்குத் திண்ணையும் பாயும் மணையுமே பெரும்பாலும் இருக்கைகளாயின. மாத்தளை கண்டி இராச்சியத்துள் அடங்கியிருந்த காலத்தில், 1660 முதல் 1679 வரை அவ்விராச்சியத்திற் சிறையிருந்த ரொபேட் நொக்ஸ் என்பார், முதுகுசாய்வுள்ள ஆசனம் அரசனுக்கே உரியது என்னும் வழக்கத்தைத் தமது நூலிற் குறித்துள்ளார். 1693இல் ஒல்லாந்தர் இரண்டாம் விமலதர்மசூரியனுக்கு அளித்த சிம்மாசனத்தில் பின்வந்த நாயக்க மன்னரும் வீற்றிருந்தனர். 1815இல் அது ஆங்கிலேயர் கைப்பட்டு விண்ட்சர் மாளிகை சென்றது. 1934இல் மீண்டு வந்து, இன்று கொழும்பு நூதனசாலையில் உள்ளது.

அரசு வீழவே, முதுகுசாய்வு அரசனின் தனியுரிமையாதல் ஒழிந்தது. எனினும், ஆசனத்தால் உயர்வு தாழ்வு காட்டும் வழக்கம் ஒழிந்திலது. கோப்பித் தோட்டங்கள் பெருகிய காலத்தில் அவ்வுயர்வு துரைமார்க்கு உரித்தாயிற்று.

இனி, அக்கதிரையின் அமைப்பை நோக்குவாம். இருக்கை முன்புறம் உயர்ந்து பின்புறம் தாழ்ந்திருக்கும். பிரம்புப் பின்னலூடே காற்றுப் புகுவதால் வெப்பந் தணியும். கைகளின் கீழுள்ள சட்டங்களை முன்னே திருப்பிக் கால்களை நீட்டிவைக்கலாம். மலைச்சரிவுகளில் நடந்து களைத்தவனுக்கு இது பேருதவியே. ஆயின், இதிலிருந்து உண்ணலோ எழுதலோ எளிதன்று. உயரங் குறைந்தோர்க்கு முன்விளிம்பு முழங்காலின் பின்புறத்தை உறுத்தும். யான் ஒருமுறை அமர்ந்து எழுந்தபோது பிறர் கைகொடுக்க வேண்டியதாயிற்று. ஓய்வு ஒன்றற்கே இது பொருந்தும் என்பது தெளிவு.

பழமையைத் துணிதற்கும் சில குறிகள் உள. சட்டத்தில் வரிசையாகத் துளையிட்டுப் பிரம்பைக் கையாற் கோத்தது பழைய முறை. ஆலையிற் பின்னிய பிரம்புத்தாளைப் பள்ளத்தில் அழுத்திப் பொருத்துவது பிற்பட்டது. கைகளின் நுனி இயல்பாகத் தேய்ந்திருத்தலும் ஒரு சான்றே. புதிய வார்னிஷ் பூசுவோர் இச்சான்றுகளை மறைத்துவிடுகின்றனர்.

இனி, எதிரே நின்றோரை நோக்குவாம். தென்னிந்தியாவிலிருந்து மன்னார் வழியாகவும் தம்புள்ளை வழியாகவும் காட்டுப்பாதையில் நடந்து மாத்தளை வந்து சேர்ந்தோர் பல்லாயிரவர். வழியில் நோயால் மாண்டோரும் பலர். எஞ்சியோர் பெரட்டுக்களத்தில் நின்றனர்; துரையின் விறாந்தைமுன்னும் நின்றே பேசினர். 1869இல் இலங்கையிற் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தது. தேயிலையும் கொக்கோவும் இறப்பரும் வந்தன. பயிர் மாறியும் அவர்கள் நின்ற நிலை நெடுங்காலம் மாறிற்றிலது.

ஆதலின், ஓர் இருக்கையின் சுகத்தை அளக்குங்கால், அமர்ந்தவனின் முதுகோடு நின்றவனின் கால்களையும் சேர்த்தே எண்ணல் வேண்டும். அன்று நின்றோரின் வழித்தோன்றல்கள் இன்று வகுப்பறைகளில் ஆசிரியர் கதிரையில் அமர்கின்றனர். தம்முன் நிற்கும் மாணவனை முதலில் இருக்கச் சொல்லுதல் அவர்தம் கடனாகும்.