திரைக்கு வெளியே ஒரு பாட்டு மரபு: கோலாலம்பூர்த் தமிழ்ச் சொல்லிசை முன்னோடிகள்

ராப் எனப்படும் சொல்லிசையின் தமிழ் வரலாற்றைப் பேசுவோர் பெரும்பாலும் 1994இல் வெளிவந்த 'காதலன்' படத்தின் 'பேட்டை ராப்' பாடலிலிருந்து தொடங்குகிறார்கள். அந்தப் பாடலின் புகழ் அப்படி. ஆயினும் தமிழில் ராப் ஓசை எப்போது பரவியது என்பது ஒரு வினா. சொல்லிசையையே தன் கலையாகக் கொண்ட தமிழ்க் கலைஞர் எங்கே உருவானார் என்பது வேறு வினா. இரண்டாவதற்கு விடை தேடுவோர் சென்னையை விடக் கோலாலம்பூரையே முதலில் பார்க்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

திரைப்பாடலில் மெட்டு இசையமைப்பாளருடையது, சொல் பாடலாசிரியருடையது, உணர்வு கதைமாந்தருடையது. குரல் ஒன்றே பாடகருடையது. நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் 1970களில் கிளைத்த ராப் மரபோ எழுதுபவரும் சொல்பவரும் ஒருவராக இருப்பதையே பெருமையாகக் கொண்டது. பிறர் எழுதிய வரியைத் தனதென்று சொல்வது அங்கே இழுக்கு. 'பேட்டை ராப்' திரைப்பாடலின் வேலைப் பிரிவினைக்குள் ராப்பின் ஓசையைக் கொண்டுவந்தது. அந்தப் பிரிவினையை அது கலைக்கவில்லை.

கோலாலம்பூரில் நிலைமை வேறு. 1990களின் தொடக்கத்தில் கேஆர்யூ முதலிய குழுக்கள் மலாய் மொழிப் பாடல்களில் ராப்பைப் பரப்பியிருந்தன. அடுத்து எழுந்த பொயட்டிக் அம்மோ குழுவில் யோகி பி (யோகேஸ்வரன் வீரசிங்கம்), பாயிண்ட் பிளாங்க், லேண்ட்ஸ்லைட், சி. லோகோ ஆகியோர் இருந்தனர். 1998இல் வந்த அவர்களது முதல் தொகுப்பு 'இட்ஸ் எ நைஸ் டே டு பி அலைவ்' ஆங்கிலம், மலாய், தமிழ், கண்டோனீயம் என நான்கு மொழிகளில் ஒலித்தது. தமிழ் அங்கே நகரத்தின் மொழிகளுள் ஒன்றாக, விளக்கம் கேட்காமல் இடம்பெற்றது.

இதற்குச் சமூகக் காரணங்கள் உண்டு. மலேசியத் தமிழ்ப்பள்ளிக் கல்வி ஆறாம் ஆண்டோடு நிறைவுறுகிறது. இடைநிலைப் பள்ளியில் பயிற்றுமொழி மலாய். வீட்டில் தமிழும் வகுப்பில் மலாயும் கடைவீதியில் ஆங்கிலமும் சீனமும் புழங்கும் இளைஞனுக்கு மொழி தாவுவது அன்றாடப் பழக்கம். தோட்டங்கள் துண்டாடப்பட்டும் வீட்டுமனைகளாக மாறியும் போனதால், பல்லாயிரம் தமிழ்க் குடும்பங்கள் கிள்ளான் பள்ளத்தாக்கின் புறம்போக்குக் குடியிருப்புகளுக்கும் மலிவு விலை அடுக்குமாடிகளுக்கும் பெயர்ந்தன. தோட்டத்து வாழ்வைப் பாட நாட்டுப்பாடல் இருந்தது. நகரத்துக்கு வந்த தலைமுறை தன் வாழ்வைப் பாடப் புதிய வடிவம் தேடியது. இன்னொரு காரணம் பொருளாதாரம் சார்ந்தது. சென்னையைப் போல இசைக் கலைஞரை முழுநேரமும் ஈர்த்துக்கொள்ளும் பெரிய தமிழ்த் திரைத்துறை கோலாலம்பூரில் இல்லை. அந்த இல்லாமையே தனித்தொகுப்புக்கு வழிவிட்டது.

2006இல் யோகி பி, டாக்டர் பர்ன், எம்சி ஜெஸ் ஆகியோர் 'யோகி பி அண்ட் நட்சத்திரா' என்ற பெயரில் வெளியிட்ட 'வல்லவன்' இந்தப் போக்கின் முதிர்ச்சி. முழுத்தொகுப்பாகத் தமிழில் ராப் செய்வது யாப்புச் சிக்கல் ஒன்றை எதிர்கொள்வதாகும். தமிழ்ச் செய்யுள் எதுகை, மோனை வழியே அடியின் தொடக்கத்தில் ஓசையைக் கட்டுகிறது. ராப்போ அடியின் இறுதியில், அதாவது இயைபில், ஊன்றி நிற்கிறது. வினைமுற்றில் முடியும் தமிழ்த் தொடருக்கு இயைபு மலிவாகவே கிடைக்கும்: வருகிறேன், தருகிறேன் என்று அடுக்கிக்கொண்டே போகலாம், ஆனால் நாலாவது அடியில் சலித்துவிடும். பெயர்ச்சொல்லில் அடியை முடிப்பது, சொற்றொடரை முறித்து வைப்பது, ஆங்கிலச் சொல்லோடு தமிழ்ச் சொல்லை இயைப்பது ஆகியவை இச்சலிப்பைத் தவிர்க்கும் வழிகள். பலமொழிப் புழக்கம் இங்கே நடையழகு மட்டுமன்று, தொழில்நுட்பமும் ஆகிறது. வல்லின இரட்டிப்பு மிகுந்த தமிழ் தாளக்கட்டுக்கு எவ்வளவு இணங்கும் என்பதையும் இத்தகைய முயற்சிகளே மெய்ப்பித்தன.

ஒரு மறுப்பை இங்கே எதிர்கொள்ள வேண்டும். 'வல்லவன்' தொகுப்பில் மிகுதியாகப் பரவிய பாடல் 'மடை திறந்து'. அது 1980இல் வந்த 'நிழல்கள்' படத்துக்கு இளையராஜா இசையமைத்த பாடலின் மேல் எழுந்தது. அப்படியிருக்க, திரைக்கு வெளியே ஒரு மரபு என்று எப்படிச் சொல்வது? பழைய இசைத்துண்டை எடுத்து அதன்மேல் புதுச் சொல்லைக் கட்டுவது ஹிப்ஹாப்பின் அடிப்படை உத்தி. மலேசியத் தமிழருக்குப் பொதுவான இசை நினைவு திரைப்பாடல்தான். ஆகவே அவர்கள் எடுத்தாளக்கூடிய சுரங்கமும் அதுவே. தேர்வும் தற்செயலாகத் தோன்றவில்லை: மூலப்பாடல் வாய்ப்புத் தேடும் இளம் இசைக்கலைஞனின் கனவைப் பாடுவது. அந்தக் கனவின்மேல் இக்குழுவினர் தம் சொந்தச் சொல்லை ஏற்றினர். திரைப்பாடல் இங்கே எசமான் அல்ல, மூலப்பொருள்.

அடுத்து நடந்ததை வெற்றிக் கதையாக மட்டும் வாசிக்க முடியாது. 2007இல் 'பொல்லாதவன்' படத்தின் 'எங்கேயும் எப்போதும்' மறுகலவையில் யோகி பி ஒலித்தார். 2011இல் 'ஆடுகளம்', 2017இல் 'விவேகம்' என்று அழைப்புகள் தொடர்ந்தன. சென்னையில் 2012இல் 'ஹிப்ஹாப் தமிழன்' என்ற தனித்தொகுப்போடு வந்த ஹிப்ஹாப் தமிழா இரட்டையரும் சில ஆண்டுகளில் திரையிசையமைப்பாளர்கள் ஆயினர். திரை இவர்களுக்குப் புகழும் பெருங்கூட்டமும் தந்தது. ஆனால் அங்கே சொல்லிசைஞர் பெரும்பாலும் நாயகனின் வீரத்தைச் சொல்லும் விருந்தினர். பாட்டின் பொருள் படத்தின் தேவையைப் பொறுத்தது. கோலாலம்பூர் முன்னோடிகள் ஈட்டிய ஆசிரிய உரிமையை விட்டுவிட்டு, அவர்களது குரலையே திரை அதிகம் எடுத்துக்கொண்டது.

எனவே முன்னோடி என்ற தகுதியைக் காலவரிசையால் மட்டும் அளப்பது போதாது. தன் சொல்லைத் தானே எழுதி, தன் பெயரில், தனித்தொகுப்பாக வெளியிட்டாரா என்று கேட்க வேண்டும். இந்த அளவுகோலில் கோலாலம்பூருக்கே முதன்மை. மலேசியத் தமிழ் இலக்கியம் பேசும் ஆய்வுகள் கவிதையையும் சிறுகதையையும் கணக்கில் எடுக்கின்றன. சொல்லிசையையும் அவை எழுத்தாகவே கருத வேண்டும். பாடல் வரிகள், ஒலிநாடாக்கள், குறுந்தகடுகள், வானொலிப் பதிவுகள் ஆகியவற்றைத் திரட்டும் பணியைப் பல்கலைக்கழகத் தமிழ்த் துறைகள் அக்கலைஞர்கள் நம்மோடு இருக்கும்போதே தொடங்குவது நல்லது.