கொச்சின் கோழி: அடைக்கூட்டிலும் காட்சிக்கூண்டிலும்

கொச்சின், உலகின் கனமான கோழி இனங்களுள் ஒன்று. வளர்ந்த சேவல் ஐந்து கிலோ எடை இருக்கும். பெட்டை நான்கு கிலோவை ஒட்டி நிற்கும். உடலை மூடிய தளர்வான இறகும் அதனடியில் அடர்ந்த தூவியும் கால்விரல் வரை இறங்கும் இறகுகளும் பறவையை இருப்பதைவிடப் பெரிதாகக் காட்டுகின்றன. சந்தனநிறம், கௌதாரிநிறம், வெள்ளை, கறுப்பு ஆகியவை இதன் பழைய நிறவகைகள். பெயரை வைத்துக் கேரளத்துக் கொச்சியோடு இதை முடிச்சுப் போடக் கூடாது. பிறந்த இடம் சீனாவின் ஷாங்காய் வட்டாரம். இன்றைய வியட்நாமின் தென்பகுதியை ஐரோப்பியர் கொச்சின்சீனா என்றனர். அந்தப் பெயர்தான் தவறுதலாக இந்தக் கோழிக்கு வந்து நிலைத்துவிட்டது.

முதல் அபினிப் போருக்குப் பின் 1842இல் கையெழுத்தான நான்கிங் உடன்படிக்கை, ஷாங்காய் உட்பட ஐந்து சீனத் துறைமுகங்களைப் பிரிட்டிஷ் வணிகர்களுக்குத் திறந்துவிட்டது. தேயிலையும் பட்டும் ஏற்றி வந்த கப்பல்களில் கோழிகளும் வந்திறங்கின. விக்டோரியா அரசியின் விண்ட்சர் கோழிமனையில் இருந்த கொச்சின்சீனக் கோழிகளை 1843இல் லண்டன் படப் பத்திரிகை ஒன்று வரைந்து வெளியிட்டது. அவை நெட்டையான, காலில் இறகில்லாத பறவைகள்; பிற்காலக் கொச்சினைப் போன்றவை அல்ல.

இன்றைய இனத்தின் வேர் 1847இல் இறங்கிய பறவைகளில் இருக்கிறது. எசெக்ஸ் மாவட்டத்தின் கிரேஸ் என்ற ஊரைச் சேர்ந்த ஆல்ஃபிரட் ஸ்டர்ஜனிடம் வேலை பார்த்த எழுத்தர் ஒருவர், லண்டன் துறையில் நின்ற கப்பலில் சில கோழிகளைக் கண்டு, முதலாளியைக் கேட்காமலே வாங்கிவிட்டார். ஒன்றுக்கு ஆறு அல்லது எட்டு ஷில்லிங் விலை. அது வீண்செலவு என்று ஸ்டர்ஜன் முதலில் சலித்துக்கொண்டார். போதாக்குறைக்கு, வந்த ஐந்தில் இரண்டு அவர் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்குப் போய்விட்டன. எஞ்சியவற்றை வைத்துத் தொடங்கிய மந்தைதான் இங்கிலாந்தின் சந்தனநிறக் கொச்சின்களுக்குப் பேரும் புகழும் தேடித் தந்தது.

1850இல் பர்மிங்காம் கோழிக் கண்காட்சியில் இந்த இனத்தைப் பார்க்கக் கூட்டம் முண்டியடித்தது. அடுத்த இரண்டு மூன்று ஆண்டுகளில் விலை எங்கோ போனது. விவசாயக் கூலியாளின் வாரச் சம்பளம் ஏறத்தாழ அரைப் பவுண்டாக இருந்த நாட்டில், நல்ல கொச்சின்கள் பல பவுண்டுகளுக்குக் கைமாறின. பஞ்ச் இதழ் இந்த மோகத்தைக் கேலிச்சித்திரங்களாக வரைந்து தள்ளியது. அட்லாண்டிக்கின் மறுகரையிலும் இதே கதைதான். 1849 நவம்பரில் பாஸ்டன் நகரப் பூங்காவில் நடந்த கோழிக் காட்சிக்குப் பத்தாயிரம் பேருக்கு மேல் வந்தனர். அந்தச் சந்தையில் கொழித்த வியாபாரி ஜார்ஜ் பர்னம், 1855இல் அந்த மோகத்தையே ‘கோழிக் காய்ச்சல்’ என்று பெயரிட்டு நூலாக எழுதினார். அதற்குள் காய்ச்சல் தணிந்து விலையும் சரிந்துவிட்டிருந்தது.

மோகம் வெறும் பகட்டினால் வந்ததல்ல. அன்றைய ஐரோப்பிய நாட்டுக்கோழிகள் குளிர்காலத்தில் முட்டையிடுவதை ஏறக்குறைய நிறுத்திவிடும். கொச்சின் பெட்டை அந்த மாதங்களிலும் இட்டது, அதுவும் பழுப்பு ஓட்டு முட்டை. பறக்கத் தெரியாததால் இடுப்பளவு வேலியே போதும். சுபாவமும் சாது.

எல்லாவற்றுக்கும் மேலாக, அடைக்கு இதை மிஞ்ச ஆளில்லை. சில வாரம் முட்டையிட்டதும் பெட்டை குறுகுறுத்துக்கொண்டு கூட்டில் படுத்துவிடும். முட்டையை எடுத்துவிட்டாலும் எழாது. அகன்ற வயிற்றுத் தூவிக்குள் ஒரு டஜன் முட்டை அடங்கும். தன் முட்டையை 21 நாளில் பொரிக்கும் இந்தக் கோழி, 28 நாள் பிடிக்கும் வாத்து முட்டையையும் வான்கோழி முட்டையையும் அதே பொறுமையோடு காக்கும். ஆனால் எடை சும்மா விடாது. மெல்லிய ஓடு நசுங்கும். பொரிந்து ஈரம் உலராத குஞ்சு மிதிபடும். பெட்டை எழும்போது கால் இறகில் சிக்கி முட்டை வெளியே உருண்டு குளிர்ந்துபோவதும் உண்டு. அதனால் அனுபவசாலிகள் கூட்டைத் தரையிலேயே அமைத்து, மண்ணை ஆழமில்லாமல் குழித்து வைக்கோல் பரப்புவார்கள். நாளுக்கு ஒருமுறை பெட்டையை இரு கையாலும் தூக்கி இறக்கித் தீனியும் தண்ணீரும் காட்டி எச்சமிட விடுவார்கள்; தூக்குமுன் இறக்கைக்கு அடியில் முட்டை ஒட்டியிருக்கிறதா என்று தடவிப் பார்ப்பது முக்கியம். ஏழாம் நாள் விளக்கொளியில் முட்டையைப் பிடித்தால் கருப்பிடித்ததில் சிலந்தி போலக் கிளைத்த இரத்தநாளங்கள் தெரியும். தெளிவாக நிற்பது கூமுட்டை.

கருப்பிடிக்கச் செய்வதே இந்த இனத்தில் பெரிய சோதனை. வால்புறம் அடர்ந்த தூவி, சேவல் மிதிக்கும்போது குறுக்கே நிற்கும். எனவே இனப்பெருக்கப் பருவத்துக்கு முன் சேவல், பெட்டை இரண்டுக்கும் பின்துவாரத்தைச் சுற்றி இறகை வெட்டிவிடுவது வழக்கமாயிற்று. கிழச் சேவல் எடையால் மந்தமாகிவிடும் என்பதால், ஒரு சேவலுக்குச் சில பெட்டைகளே விடப்பட்டன. குஞ்சுகளுக்கும் அவசரமில்லை. முதலில் எலும்பு வளரும். பல வாரம் முதுகு மொட்டையாகவே இருக்கும். முழு உருவம் வர ஓராண்டுக்கு மேல் ஆகும்.

1865இல் இங்கிலாந்திலும் 1874இல் அமெரிக்காவிலும் இன இலக்கணங்கள் அச்சாயின. கொச்சின் இரண்டிலும் இடம்பெற்றது. அதன்பின் கோழியின் போக்கை நிர்ணயித்தவர்கள் காட்சி நடுவர்கள். எந்தப் பறவையின் இறகு அதிகமோ அதற்கே பரிசு, அதற்கே வாரிசு. தலைமுறைக்குத் தலைமுறை தூவி பெருகியது, முட்டை குறைந்தது. 1881இல் சார்லஸ் ஹியர்சன் வெப்பத்தைத் தானே சீராக்கும் அடைகாப்புப் பெட்டியை இங்கிலாந்தில் கொண்டுவந்தபின், அடைக்கோழியின் தேவையும் சுருங்கத் தொடங்கியது. அடைக்குப் படுத்த பெட்டை வாரக்கணக்கில் முட்டையிடாது. பெருமையாக இருந்த குணம் பண்ணைக் கணக்கில் நட்டமாக மாறியது. நல்லதொரு பயன்கோழியை வளர்ப்பவர்களின் இறகு ஆசை அலங்காரப் பறவையாக்கிவிட்டது. வருந்தத்தக்க இழப்பு இது.

அறிவியலுக்கும் இந்தக் கோழி ஒரு கேள்வியை வைத்தது. வீட்டுக்கோழி எல்லாம் சிவப்புக் காட்டுக்கோழியின் வழிவந்தவை என்று சார்லஸ் டார்வின் 1868இல் எழுதினார். கொச்சினின் மண்டையோட்டில் தண்டுவடம் நுழையும் துளை, காட்டுக்கோழியில் போல அகலவாட்டில் நீளாமல் உயரவாட்டில் நீண்டிருப்பதை அவரே அளந்து குறித்தார். இருந்தும் மூதாதை ஒன்றே என்ற முடிவில் நின்றார். 2008இல் வெளியான மரபணு ஆய்வு அந்த முடிவைத் திருத்தியது. கொச்சின் முதலான பல இனங்களில் காணும் மஞ்சள் தோலுக்குரிய மரபணு, தென்னிந்தியாவில் மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளிலும் வாழும் சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து வந்தது என்று அது காட்டியது.

கொச்சினின் பயன் அதன் கலப்பு வாரிசுகளில் தொடர்ந்தது. இங்கிலாந்தில் வில்லியம் குக் 1894இல் வெளியிட்ட சந்தனநிற ஆர்ப்பிங்டனில் கொச்சின் இரத்தம் உண்டு. அமெரிக்காவின் லிட்டில் காம்ப்டனில் 1850களில் உழவர்கள் ஷாங்காய் எனப்பட்ட கொச்சின் சேவல்களையும் மலாய்ச் சேவல்களையும் உள்ளூர்ப் பெட்டைகளோடு சேர்த்ததிலிருந்து ரோட் ஐலண்ட் ரெட் உருவானது. பழுப்பு முட்டையிடும் இன்றைய வணிகக் கலப்பினங்கள் பலவற்றுக்கு மூதாதை அதுதான். 1954இல் ரோட் ஐலண்ட் அதைத் தன் மாநிலப் பறவையாக அறிவித்தது.