பாட்டனாரின் உளிப்பெட்டி

காவிரியிலிருந்து குடமுருட்டி பிரியும் திருக்காட்டுப்பள்ளியில், எங்கள் இல்லத்துப் பரண்மீது மரப்பெட்டி ஒன்று நெடுங்காலம் கிடந்தது. கருவேல மரத்தில் வண்டிச் சக்கரமும் கலப்பையும் செய்து வாழ்ந்த என் நன்னா விட்டுச் சென்றது அது. அண்மையில் வீட்டைப் பழுதுபார்த்தபோது, பழைய இரும்பு வாங்கும் வணிகர் அதைத் திறந்தார். ஓர் உளியின் ஆங்கில முத்திரையைக் கூட்டிப் படித்துவிட்டு, "காஸ்ட் ஸ்டீல் என்றிருக்கிறது ஹஜ்ரத். வெறும் வார்ப்பிரும்பு. எடைக்கு எடுத்துக்கொள்கிறேன்" என்றார். தராசில் ஏறிய உளியைத் திரும்ப வாங்கிக்கொண்டேன்.

அவர்மீது குற்றமில்லை. அந்த முத்திரையின் வரலாறு அவ்வாறு மயங்க வைப்பது. 1740களில் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரருகே, பெஞ்சமின் ஹன்ட்ஸ்மன் என்னும் கடிகாரத் தொழிலாளர் மண்மூசையில் எஃகை உருக்கி வார்க்கும் முறையை உருவாக்கினார். அந்த எஃகுக்கே இப்பெயர். எளிதில் உடையும் வார்ப்பிரும்பு வேறு. தீட்டிய கூர் நிலைக்கும் இந்த எஃகு வேறு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் நல்ல உளிக்கு இம்முத்திரையே நற்சான்றாக விளங்கிற்று.

மூசையில் எஃகு ஆக்கும் வித்தை தென்னாட்டாருக்கோ பன்னூறு ஆண்டுகள் முன்பே கைவந்தது. இந்திய வாளை அரபுமொழி 'முஹன்னத்' என்று அழைத்துச் சிறப்பித்தது. ஒன்பதாம் நூற்றாண்டு அறிஞர் அல்கிந்தி, வாள்களைப் பற்றிய தம் நூலில் ஸரந்தீப் எஃகையும் எடுத்துரைத்தார். 1795இல் ஜார்ஜ் பியர்சன் 'ஊட்ஸ்' என்னும் இந்திய எஃகை ஆராய்ந்து லண்டன் ராயல் சொசைட்டியில் கட்டுரை அளித்தார். எந்தப் புகழ் நம் மண்ணிலிருந்து சென்றதோ, அதன் உறவினன் கப்பலேறி வந்து எங்கள் பரணில் துருப்பிடித்துக் கிடந்திருக்கிறான்!

பெட்டியைக் கடைத்தெருவில் முதிய ஆசாரி ஒருவரிடம் கொண்டு சென்றேன். வாய்ச்சி, இழைப்புளி, துறப்பணம், கொட்டாப்புளி, மூலைமட்டம் என ஒவ்வொன்றாய் எடுத்துப் பெயர் சொன்னார். வாய்ச்சியைக் கண்டதும், மதரஸாவில் ஓதிய 'கதூம்' என்ற அரபுச் சொல் என் நினைவில் எழுந்தது. பொருளை நூலில் கற்றிருந்தேன். பொருளைக் கையில் ஏந்தியது அன்றுதான்.

"தேய்ந்த பிடியைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள் பாய். அது உங்கள் பாட்டனார் கை" என்றார் ஆசாரி. துருவை மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் துடைக்கவும், சாணை பிடிக்கையில் அடிக்கடி நீரில் நனைக்கவும் கற்பித்தார். சூடேறி முனை நீலம் பாரித்தால் எஃகின் பதம் போய்விடுமாம்.

ஜகரிய்யா நபி (அலை) அவர்கள் தச்சராயிருந்தார்கள் என்று ஹதீஸ் கூறுகிறது. அதைப் பல்லாண்டுகள் மாணவர்க்கு ஓதிக் கொடுத்த நான், சொந்தப் பாட்டனாரின் தொழிலைப் பரணில் ஏற்றி வைத்திருந்தேன். இன்று அந்த உளிகளைக் கொண்டு ஆசாரியின் பேரன் எங்கள் மதரஸாப் பிள்ளைகளுக்கு ரிஹால் பலகைகள் செய்கிறார். மாலையில் நானும் அவரருகே அமர்ந்து, கோணலாய் ஒன்றை இழைத்துக்கொண்டிருக்கிறேன்.

உங்கள் வீட்டுப் பரணிலும் இத்தகைய பெட்டி இருக்கலாம். தராசுக்கு அனுப்புமுன், அதிலுள்ள ஒவ்வொன்றின் பெயரையும் அறிந்த ஒரு பெரியவரிடம் காட்டுங்கள்.