பொய்த்த கருதுகோளும் கிடைத்த செம்பும்: ஒலிம்பிக் டாம் தொடக்கத் துளையீட்டு முடிவுகளின் பொருள்கோடல் (1975–1976)

ஆய்வுச்சுருக்கம்

தென் ஆஸ்திரேலியாவின் ஒலிம்பிக் டாம் செம்பு–யுரேனியம்–பொன் படிவு, 1975-இல் இடப்பட்ட முதல் துளையிலேயே கண்டறியப்பட்டது என்பது கனிமத் தேடல் வரலாற்றில் நிலைபெற்றுவிட்ட கூற்று. கோட்பாடு முன்னுரைத்ததைத் துளை மெய்ப்பித்தது என்றே அது பெரும்பாலும் எடுத்துரைக்கப்படுகிறது. அத்துளை கோட்பாட்டை மெய்ப்பிக்கவில்லை. கோட்பாடு எதிர்பார்த்த பாறை இல்லாத இடத்தில் செம்பு கிடைத்தது. முதல் துளைக்கும் பத்தாம் துளைக்கும் இடைப்பட்ட ஏறத்தாழ பதினாறு மாதங்களில் நிகழ்ந்த பொருள்கோடலே கண்டுபிடிப்பின் மையம் என்பது இக்கட்டுரையின் வாதம்.

திறவுச்சொற்கள்: ஒலிம்பிக் டாம், செம்பு, துளையீடு, பாறைத்தண்டு, ஈர்ப்புப் பிறழ்வு, அறிவியல் வரலாறு

தேடலின் கருதுகோள்

ராக்ஸ்பி டவுன்ஸ் என்னும் ஆட்டுப் பண்ணை நிலத்தில், கால்நடைகள் நீர் அருந்த வெட்டப்பட்ட ஒரு குட்டைக்கு ஒலிம்பிக் டாம் என்று பெயர். சுற்றிலும் செம்மணல் மேடுகள். அடியில் ஏறத்தாழ 350 மீட்டர் தடிமனுக்குக் கிடைமட்டமாகப் படிந்த, பிற்காலத்துப் படிவுப் பாறைகள். நிலத்தின் மேற்பரப்பில் செம்பின் அறிகுறி எதுவும் இல்லை. பழைய தேடுநர்கள் நம்பியிருந்த பச்சைக் கறையோ துருப்பிடித்த பாறைமுகடோ இங்கே உதவ வழியில்லை. கோட்பாட்டின் துணையின்றி இவ்விடத்தில் ஒருவர் துளையிட்டிருக்க மாட்டார் என்பதை ஏற்றுக்கொண்டே விவாதத்தைத் தொடங்க வேண்டும்.

அக்கோட்பாட்டுக்கு அடித்தளம் இட்டவர் டக்ளஸ் ஹேன்ஸ். ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தில் அவர் செய்த முனைவர் பட்ட ஆய்வு, பசால்ட்டு என்னும் எரிமலைப் பாறை வேதிமாற்றம் அடையும்போது அதிலுள்ள செம்பு வெளியேறக்கூடும் என்பதை ஆராய்ந்தது. வெளியேறிய செம்பை நிலத்தடிக் கரைசல்கள் சுமந்து சென்று அண்டையிலுள்ள படிவுப் பாறைகளில் சேர்க்கும். ஆகவே மாற்றமடைந்த பசால்ட்டு எங்கே புதைந்திருக்கிறதோ அதனருகே செம்பைத் தேட வேண்டும். வெஸ்டர்ன் மைனிங் நிறுவனத்தில் ராய் உட்டால் தலைமையில் இயங்கிய தேடல் குழு இந்தக் கருத்தைக் கையில் எடுத்துக்கொண்டது.

புதைந்த பசால்ட்டைக் காண்பது புவி இயற்பியலின் பணியாயிற்று. பசால்ட்டு அடர்த்தி மிக்கது, காந்தத்தன்மையும் உடையது. அரசு அளவைகளில் பதிவாகியிருந்த ஈர்ப்பு மிகுதியும் காந்த மிகுதியும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தும் இடங்களை ஹியூ ரட்டர் இலக்குகளாக அடையாளம் கண்டார். டிம் ஓ'டிரிஸ்கால், கண்டத்தின் பெருங்கட்டமைப்புக் கோடுகள் ஒன்றையொன்று வெட்டும் இடங்களைக் கொண்டு இலக்குகளை வரிசைப்படுத்தினார். மூன்று தனித்தனி வாதங்கள் ஒரே புள்ளியைச் சுட்டியது வலுவான சான்றாகத் தோன்றியிருக்கும். ஆனால் மூன்றும் பசால்ட்டு என்ற ஒரே எதிர்பார்ப்பைச் சார்ந்து கோக்கப்பட்டவை என்பதை மறத்தலாகாது.

ஆர்.டி.1: ஒரு துளை எதைச் சொல்லும்?

பண்ணையின் பெயர்ச்சுருக்கத்தைத் தாங்கிய ஆர்.டி.1 துளை 1975-இன் நடுப்பகுதியில் இடப்பட்டது. மேற்போர்வையைக் கடந்து ஏறத்தாழ 350 மீட்டர் ஆழத்தில் அது செம்பைத் தொட்டது. வேதிப் பகுப்பாய்வு, 38 மீட்டர் நீளத்துக்குச் சராசரி 1.05 விழுக்காடு செம்பு எனக் காட்டியது. செம்பைத் தாங்கியிருந்தது பசால்ட்டு அன்று. ஹேமடைட்டு என்னும் இரும்பு ஆக்சைடு செறிந்த, கூர்முனைத் துண்டுகள் ஒட்டி இறுகிய பிரெச்சியாப் பாறை அது.

இந்த எண்களை அக்காலத்து நிலையில் வைத்துப் படிக்க வேண்டும். நிலமட்டத்தில் கிடைத்திருந்தால் 38 மீட்டரும் ஒரு விழுக்காடும் ஊக்கமளிக்கும் முடிவு. 350 மீட்டர் போர்வையின் அடியில் அதே எண் சுரங்கம் தோண்டப் போதாது. திறந்தவெளிச் சுரங்கத்துக்கு மேல்மண் அளவு மீறியது, நிலத்தடிச் சுரங்கத்துக்குத் தரம் குறைவு. ஒற்றைத் துளையின் நீளம் பாறையின் உண்மைத் தடிமனும் ஆகாது. செங்குத்தாக நிற்கும் ஒரு மெல்லிய பாறைச்சுவருக்குள் செங்குத்துத் துளை இறங்கினால், சில மீட்டர் அகலமே உள்ள பொருள் பல பத்து மீட்டர் நீளமாகத் தோன்றும். இவற்றையெல்லாம் சில சென்டிமீட்டர் விட்டமுள்ள பாறைத்தண்டு ஒன்றைக் கொண்டு முடிவுசெய்ய இயலாது.

ஈர்ப்பு மிகுதியின் காரணமும் இங்கேதான் புரண்டது. ஹேமடைட்டின் ஒப்படர்த்தி ஏறத்தாழ 5.2, பசால்ட்டுக்கோ 3-க்கு அருகில்தான். எனவே இரும்பு செறிந்த பிரெச்சியா, பசால்ட்டு இல்லாமலேயே ஈர்ப்பு அளவீட்டை விளக்கவல்லது. ஒரே ஈர்ப்புப் பிறழ்வுக்குப் பல அடிநிலக் கட்டமைப்புகள் பொருந்தும் என்பது இத்துறையின் பாலபாடம். காந்த மிகுதி இதைவிடச் சிக்கலானது. ஹேமடைட்டின் காந்தத்தன்மை மிகக் குறைவு; எனவே அதன் மூலம் கனிமப் படிவுக்கும் கீழே, துளைகள் எட்டாத ஆழத்தில் இருப்பதாகப் பின்னர் கருதப்பட்டது. இலக்கைத் தேர்ந்தெடுக்க உதவிய இரு சான்றுகளில் ஒன்றுக்கு வேறொரு காரணம் கிடைத்தது. மற்றது கண்டறியப்பட்ட செம்போடு நேரடித் தொடர்பு அற்றதாகத் தோன்றியது. இந்த நிலையை வெற்றி என்று பெயரிடுவது, முடிவைத் தெரிந்துகொண்ட பின்னர் மட்டுமே இயலும்.

ஒப்புநோக்க ஒரு நிகழ்வு உண்டு. அமெரிக்காவின் அரிசோனாவில் சான் மானுவல் சுரங்கத்துப் பாறைத்தண்டுகளை டேவிட் லோவெல் ஆராய்ந்து, அங்குள்ள வேதிமாற்ற மண்டலங்கள் ஓர் உருளையின் பாதியைப் போல அமைந்திருப்பதைக் கண்டார். பிளவுப்பெயர்ச்சியால் அறுபட்டு விலகிய மறுபாதி எங்கே கிடக்கும் என்பதைக் கணித்தார். 1965-இல் துளையிட்டபோது கலமசூ படிவு அங்கே கிடைத்தது. அங்குக் கோட்பாடு கூறிய பொருளே, கூறிய காரணத்தால், கூறிய திசையில் இருந்தது. ஒலிம்பிக் டாமில் திசை மட்டுமே பொருந்தியது. பாடநூல்கள் இவ்விரண்டையும் ஒரே வகைச் சான்றாக அடுக்கிவைப்பது வியப்பளிக்கிறது.

பத்தாம் துளை வரை

ஆர்.டி.1-ஐத் தொடர்ந்து இடப்பட்ட எட்டுத் துளைகள் பெரிய ஊக்கம் எதையும் தரவில்லை. சிலவற்றில் தரம் குறைந்த செம்பு இருந்தது; மற்றவற்றில் பொருட்படுத்தத்தக்கது எதுவுமில்லை. இங்கே இரு பொருள்கோடல்கள் சம வலிமையுடன் நின்றன. முதல் துளை ஒரு சிறிய, துண்டுபட்ட கனிமப் பொட்டைத் தற்செயலாகத் தொட்டது. ஆகவே நிறுத்திவிடலாம் என்பது ஒன்று. இவ்வளவு இரும்பையும் செம்பையும் ஓரிடத்தில் திரட்டிய இயக்கம் சிறியதாக இருக்க முடியாது. துளைகள் அதன் ஓரங்களில் விழுகின்றன என்பது மற்றொன்று. தரவுகள் இரண்டில் எதையும் வெளியேற்றவில்லை. பசால்ட்டுக் கோட்பாடும் துணைநிற்கவில்லை. அதை விடாப்பிடியாகப் பற்றியிருந்தால், பசால்ட்டு இல்லாத அவ்விடத்தை விட்டு அகல்வதே முறையான முடிவு.

தொடர்ந்து துளையிடும் முடிவை நியாயப்படுத்தியது எது? கோட்பாட்டுக்குப் பொருந்தாத அந்த ஹேமடைட்டுப் பிரெச்சியாவின் அளவே என்று கருதலாம். ஈர்ப்புப் பிறழ்வு பரந்த நிலப்பரப்பைத் தழுவியிருந்தது. அதற்குக் காரணம் செம்பைத் தாங்கிய அதே பாறை என்றால், தேட வேண்டிய பொருளின் அளவு ஏற்கெனவே வரைபடத்தில் தெரிந்துகொண்டிருந்தது. பசால்ட்டைத் தேட வரைந்த வரைபடம் வேறொன்றைத் தேடும் வரைபடமாக, ஒரு கோடும் மாறாமல், பொருள் மாறியது.

1976 நவம்பரில் ஆர்.டி.10, 170 மீட்டர் நீளத்துக்குச் சராசரி 2.12 விழுக்காடு செம்பையும் அதனுடன் யுரேனியத்தையும் வெட்டியது. நீளத்தையும் தரத்தையும் பெருக்கிப் பார்க்கும் எளிய வழக்கத்தின்படி, முதல் துளையின் மதிப்பு ஏறத்தாழ 40. பத்தாவதன் மதிப்பு 360, அதாவது ஒன்பது மடங்கு. பெரும் படிவு என்பதில் அதன்பின் ஐயமில்லை. 1983-இல் வெளியான முதல் விரிவான அறிவியல் விளக்கம், 200 கோடி டன்னுக்கு மேற்பட்ட கனிமத்தைச் சராசரி 1.6 விழுக்காடு செம்புடன் மதிப்பிட்டது. சுரங்கம் 1988-இல் செயல்பாட்டுக்கு வந்தது. இடையில் யுரேனியம் குறித்த அரசியல் மோதலும், 1982-இல் மாநில மேலவையில் நார்ம் ஃபாஸ்டர் தம் கட்சியை விட்டு விலகி அளித்த வாக்கும் தனிக் கட்டுரைக்கு உரியன.

அதே தண்டுகள், வேறு வாசிப்பு

ஆர்.டி.10 படிவின் பருமனைத் தீர்த்துவைத்ததே தவிர, அது எவ்வாறு உருவாயிற்று என்பதைத் தீர்க்கவில்லை. 1983-இல் ராபர்ட்ஸ், ஹட்சன் ஆகியோர் எழுதிய கட்டுரை பிரெச்சியாக்களைப் பெரிதும் படிவுப் பாறைகளாகவே விளக்கியது. நிலம் தாழ்ந்த ஒரு பள்ளத்தில் சரிந்து குவிந்தவை அவை. படிவுப் பாறையில் செம்பைத் தேடப் புறப்பட்ட குழுவினர் கண்ணில் படிவுப் பாறை பட்டது இயல்பே. பசால்ட்டைத் துளை மறுத்துவிட்டது. கோட்பாட்டின் மறுபாதியோ சொல்லாட்சியில் தங்கிவிட்டது.

1990-இல் வெளிவந்த ஆய்வுகள் இதைத் தலைகீழாக்கின. துண்டுகள் பெரும்பாலும் ராக்ஸ்பி டவுன்ஸ் கிரானைட்டிலிருந்தே வந்தவை. வெப்பக் கரைசல்கள் கிரானைட்டை இருந்த இடத்திலேயே உடைத்து, அதன் கனிமங்களை ஹேமடைட்டால் பதிலீடு செய்தன என்று அவை நிறுவ முயன்றன. அவ்வாறு எழுதியவர்களில் மார்கோ எய்னோடியும் நவோமி ஓரெஸ்கஸும் அடங்குவர். ஓரெஸ்கஸ் அச்சுரங்கத்தில் நிலவியலாளராகப் பணியாற்றியவர். பின்னர் அறிவியல் வரலாற்றாளராகப் புகழ்பெற்றார். 1992-இல் ஹிட்ஸ்மன், ஓரெஸ்கஸ், எய்னோடி மூவரும் இவ்வகைப் படிவுகளை இரும்பு ஆக்சைடு சார்ந்த தனிக் குடும்பமாக வரையறுத்தனர். உலகெங்கும் பின்னர் நடந்த தேடல்களுக்கு வழிகாட்டியது இவ்வரையறையே; 1975-இன் பசால்ட்டுக் கோட்பாடு அன்று.

1994-இல் ஓரெஸ்கஸ் இருவருடன் இணைந்து, நிலவியலில் எண்சார் மாதிரிகள் மெய்ப்பிக்கப்பட முடியாதவை என்று வாதிடும் கட்டுரையை வெளியிட்டார். முன்னுரைத்தது நிகழ்ந்துவிட்டது என்பதாலேயே முன்னுரைத்த கோட்பாடு மெய்யாகிவிடாது. அதே விளைவை வேறொரு காரணமும் தரக்கூடும் என்பது அவ்வாதத்தின் சாரம். அக்கட்டுரை எண்சார் மாதிரிகளைப் பற்றியது. செம்புத் துளையைப் பற்றியதன்று. ஆயினும் ஆர்.டி.1-க்கு அதைவிடப் பொருத்தமான விளக்கவுரை கிடைப்பது அரிது.

2011-இல் ஜோசலின் மெக்ஃபி தலைமையிலான குழு, பிரெச்சியாக்களுக்குள் அடுக்கடுக்காகப் படிந்த படிவுப் பகுதிகளை எடுத்துக்காட்டி, மறைந்துபோன ஒரு படிவுப் படுகையின் எச்சங்கள் அவை என்றது. 1983-இன் பள்ளம் அப்படியே மீளவில்லை; கிரானைட்டு உடைந்ததும் மறுக்கப்படவில்லை. ஆனால் 1990-க்குப் பின் ஓரங்கட்டப்பட்டிருந்த படிவுப் பாறை மீண்டும் விளக்கத்துக்குள் வந்துவிட்டது.