சில்லை மாற்றினால் சத்தம் மாறும்!

கள்ளக்குறிச்சிப் பக்கம் திருவிழாக் கச்சேரிகளில் ஆக்டோபேட் வாசிப்பவரைப் பார்த்திருப்பீர்கள். ரப்பர் பலகையைக் குச்சியால் தட்டினால் டோலக் கேட்கும், தபேலா கேட்கும். தோலே இல்லாத கருவிக்குள் இந்தச் சத்தம் எப்படி வந்தது? அது ஒரு சுவாரஸ்யமான கதை.

1980-ல் ரோஜர் லின் என்ற அமெரிக்கர் 'எல்எம்-1' டிரம் மெஷினை வெளியிட்டார். அதுவரை இருந்தவை பெரும்பாலும் மின்சுற்றிலேயே சத்தத்தை உண்டாக்கின. லின் நிஜ டிரம்மைப் பதிவு செய்து, எண்களாக்கி, நினைவகச் சில்லில் வைத்தார். விலை 4,995 டாலர்! காரணம், அன்றைக்கு நினைவகம் தங்கம் மாதிரி. ஒரு வினாடிச் சத்தத்துக்கு சுமார் 28,000 எண்கள் வேண்டும். அதனால்தான் நீண்டு ஒலிக்கும் கிராஷ் சிம்பல் அந்த மெஷினில் இடம்பெறவே இல்லை.

இத்தகைய மெஷின்களில் பெரும்பாலும் இருந்தவை ஈப்ராம் சில்லுகள். 1971-ல் இன்டெல் நிறுவனத்தில் டோவ் ஃப்ரோமன் கண்டுபிடித்தது. சில்லின் மேல் சின்ன கண்ணாடி ஜன்னல் இருக்கும். அதன் வழியே புற ஊதாக் கதிரைக் காட்டினால் உள்ளிருப்பது அழிந்துவிடும், பிறகு புதிதாக எழுதலாம். சில்லு சாக்கெட்டில் செருகப்பட்டிருந்தால் கழற்றி வேறொன்றை மாட்டுவதும் எளிது. ஸ்குரு டிரைவர் இருந்தால் போதும்.

1983-ல் ஈ-மியூ நிறுவனம் 'டிரம்யுலேட்டர்' மெஷினை ஆயிரம் டாலருக்கும் குறைவாக விற்றது. பலர் வாங்கினார்கள், ஆனால் எல்லோருக்கும் அதே சத்தம்தான்! பீட்டர் கோட்சர், ஈவன் புரூக்ஸ் என்ற இரண்டு நண்பர்கள் அதற்கு மாற்றுச் சில்லுகள் தயாரித்து 'டிஜிடிரம்ஸ்' என்ற பெயரில் விற்றார்கள். மெஷின் செய்தது ஒருவர், சத்தம் விற்றது இன்னொருவர். இந்தச் சின்ன வியாபாரம்தான் டிஜிடிசைன் நிறுவனமாக வளர்ந்து, 1991-ல் புரோ டூல்ஸைக் கொண்டுவந்தது. சென்னை சினிமா ஒலிப்பதிவுக் கூடங்களிலும் புழங்கும் அதே மென்பொருள்தான்.

சரி, இதில் நமக்கென்ன என்கிறீர்களா? எந்தச் சத்தம் சில்லுக்குள் போகலாம் என்பதைத் தொழிற்சாலைதான் முடிவு செய்தது. அந்த மெஷின்களில் பறையும் இல்லை, தவிலும் இல்லை. சில்லை மாற்றியவர்கள் அந்த அதிகாரத்தைக் கொஞ்சம் உடைத்தார்கள். 2011-ல் வந்த ரோலண்ட் எஸ்பிடி-எஸ்எக்ஸ் போன்ற பேடுகளில் கழற்றும் வேலைகூட இல்லை, யூஎஸ்பி வழியாகவே நம் சத்தத்தை ஏற்றிக்கொள்ளலாம். கல்வராயன் மலைக் கிராமத்து மேளத்தைப் பதிவு செய்து அன்றைக்கே மேடையில் தட்டலாம்.

இங்கேதான் இன்னொரு கேள்வி வருகிறது. மேளக்காரர் நேரில் வந்து அடித்தால் கூலி உண்டு. அவர் அடித்த ஒரே ஒரு அடி கோப்பாக மாறி ஆயிரம் கச்சேரிகளில் ஒலித்தால்? அன்று சத்தம் தொழிற்சாலையின் சொத்தாக இருந்தது. இன்று அது பேட் வைத்திருப்பவரின் சொத்து. அடித்த கைக்கு இன்னும் பங்கு வரவில்லை. சில்லு மாறிய அளவுக்குக் கணக்கு மாறவில்லை என்பதுதான் உண்மை.