ஆப்பு அடித்த கிராமமும் அறிக்கை எழுதிய டாக்டரும்

டிராகுலா நாவலை நான் முதன்முதலில் படித்தது பத்தாம் வகுப்பு முழுப்பரீட்சை லீவில். அட்டை கிழிந்து, நடுவில் சில பக்கங்கள் காணாமல் போன பழைய பிரதி. மாமா ஏதோ பிளாட்பாரக் கடையில் வாங்கி வந்தது. இங்கிலீஷ் பாதிதான் புரிந்தது. பயம் மட்டும் முழுசாகப் புரிந்தது. அந்த மே மாச வெக்கையிலும் ஜன்னலைச் சாத்திக்கொண்டுதான் படுத்தேன். "கரண்டே இல்ல, ஜன்னலை வேற எதுக்குடா சாத்துற?" என்று அம்மாவிடம் திட்டு வாங்கியதுதான் மிச்சம்.

அதற்கப்புறம் பேய்க்கதைப் பைத்தியம் பிடித்துக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். ஒரு கட்டத்தில் கதைகளை விட, அவை எங்கேயிருந்து கிளம்பி வந்தன என்கிற ஆர்வம் அதிகமாகிவிட்டது. பேய்க்கதை அலமாரியிலிருந்து வரலாற்று அலமாரிக்கு நகர்ந்தேன். அப்படிக் கைக்கு வந்ததுதான் பால் பார்பர் 1988-ல் எழுதிய, ரத்தக்காட்டேரிகளையும் பிணங்களையும் பற்றிய புத்தகம். (சாப்பிட்டுக்கொண்டே படிக்காதீர்கள். அனுபவத்தில் சொல்கிறேன்.) படித்து முடித்தபோது டிராகுலா கொடுத்ததை விட வேறு மாதிரியான ஒரு பயம் வந்தது. அதைப் பற்றித்தான் இந்தக் கதை.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

1718-ல் ஆஸ்திரியாவின் ஹாப்ஸ்பர்க் அரசுக்கும் துருக்கிய ஒட்டோமான் அரசுக்கும் ஓர் உடன்படிக்கை. அதன்படி வட செர்பியா துருக்கியர் கையிலிருந்து ஆஸ்திரியர் கைக்கு வந்தது. புது எஜமானர்கள் தங்களோடு கொண்டு வந்த முக்கியமான சாமான் காகிதம். எது நடந்தாலும் அறிக்கை எழுதணும், கையெழுத்துப் போடணும், மேலிடத்துக்கு அனுப்பணும். அந்த ஊர்களில் தலைமுறை தலைமுறையாக நடந்துகொண்டிருந்த ஒரு வழக்கம் அப்போதுதான் முதன்முறையாக அரசாங்கக் கோப்பில் ஏறியது.

1725. கிசிலோவா என்கிற கிராமம். பீட்டர் பிளொகோயோவிட்ஸ் என்ற விவசாயி செத்துப் புதைத்துப் பத்து வாரம் ஆகிறது. திடீரென்று எட்டு நாளில் ஒன்பது பேர் சாகிறார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரே ஒரு நாள்தான் உடம்பு முடியவில்லை. சாகக் கிடந்தவர்கள், பீட்டர் தூக்கத்தில் வந்து மேலே படுத்துக் கழுத்தை நெரித்ததாகச் சொன்னார்களாம். அவர் பெண்டாட்டியோ, புருஷன் வந்து செருப்பைக் கேட்டான் என்று சொல்லிவிட்டு வேறு ஊருக்கே போய்விட்டாள்.

ஊர்க்காரர்கள் கல்லறையைத் தோண்டணும் என்கிறார்கள். அந்த வட்டாரத்து அதிகாரி ஃப்ரோம்பால்ட், "பெல்கிரேடிலிருந்து அனுமதி வரட்டும், பொறுங்க" என்று பார்க்கிறார். (எந்த நாட்டு அதிகாரியும் சொல்கிற பதில்தான்!) அனுமதி வருவதற்குள் ஊரே அழிந்துவிடும், துருக்கியர் காலத்தில் அப்படி நடந்திருக்கிறது, நீங்க வராட்டி ஊரைக் காலி பண்ணிட்டுப் போயிடுவோம் என்று அவர்கள் நிற்க, வேறு வழியில்லாமல் பாதிரியாரைக் கூட்டிக்கொண்டு போகிறார்.

தோண்டினால், பிணம் அழுகவில்லை. முடியும் தாடியும் வளர்ந்திருக்கிறது. பழைய தோல் உரிந்து அடியில் புதுத்தோல் தெரிகிறது. வாயில் ரத்தம். கூட்டம் கூர்மையான ஆப்பை நெஞ்சில் இறக்குகிறது. காதிலும் வாயிலும் ரத்தம் வழிகிறது. அப்புறம் எரித்துவிடுகிறார்கள். ஃப்ரோம்பால்ட் எல்லாவற்றையும் ஒழுங்காக எழுதிவிட்டு, கடைசியில் இதில் ஏதாவது தப்பு இருந்தால் அது என்னைச் சேராது, பயத்தில் நிதானமிழந்த அந்தக் கூட்டத்தைத்தான் சேரும் என்று முடித்துக்கொண்டார். அந்த அறிக்கை வியன்னாவில் பத்திரிகையிலும் அச்சாகிவிட்டது.

ஏழு வருஷம் கழித்து அடுத்த சம்பவம். ஊர் மெட்வெஜா. எல்லைக் காவல் வீரர்கள் குடும்பத்தோடு வாழும் கிராமம். மூன்று மாதத்தில் பதினேழு பேர் சாவு. முதலில் தொற்றுநோய் மருத்துவர் ஒருவர் வந்தார். தொற்றுநோய் எதுவும் இல்லை, கடுமையான விரதங்களால் ஜனங்கள் நலிந்து போயிருக்கிறார்கள் என்றார். யார் கேட்டார்கள்? 1732 ஜனவரியில் ராணுவ மருத்துவர் யோஹான் ஃப்ளூகிங்கர் தலைமையில் ஒரு குழுவே வந்தது.

ஊர்க்காரர்கள் சொன்ன மூலகதை இது. அஞ்சு வருஷம் முன்னால் ஆர்னால்ட் பவுல் என்ற வீரர் வைக்கோல் வண்டியிலிருந்து விழுந்து கழுத்து முறிந்து செத்தார். அவரை உயிரோடு இருக்கும்போதே ஒரு ரத்தக்காட்டேரி தொந்தரவு பண்ணியதாம். அவர் செத்த பிறகு நாலு பேர் சாக, நாற்பதாம் நாள் அவரைத் தோண்டி ஆப்பு அடித்தார்கள். அப்போது அவர் முனகினாராம். அவர் கடித்த ஆடுமாடுகளின் கறியைத் தின்றவர்களும் காட்டேரியாகி, இப்போது ஊரைக் கொல்கிறார்களாம்.

ஃப்ளூகிங்கர் கல்லறை கல்லறையாகத் திறந்து பார்த்து எழுதினார். மிலிட்சா, அறுபது வயசுக் கிழவி. உயிரோடிருந்தபோது ஒல்லியாக வற்றிப் போயிருந்தவள், குழிக்குள் கொழுகொழுவென்று இருக்கிறாள் என்று அவளைத் தெரிந்தவர்களே ஆச்சரியப்படுகிறார்கள். ஸ்டானா, இருபது வயசு, பிரசவத்தில் செத்தவள். அவள் குழந்தையை ஆழமில்லாமல் புதைத்திருந்ததால் பாதியை நாய் தின்றிருந்தது. இவர்களுக்குப் பக்கத்திலேயே, அதே மண்ணில் புதைத்த வேறு சில உடல்கள் நன்றாக மட்கிப் போயிருந்தன. மட்கியவற்றைத் திரும்பக் குழியில் வைத்தார்கள். மட்காதவர்களின் தலையை வெட்டி, எரித்து, சாம்பலை மொரவா ஆற்றில் கரைத்தார்கள். மூன்று ராணுவ மருத்துவர்கள் கையெழுத்து. இரண்டு அதிகாரிகள் சாட்சிக் கையெழுத்து. தேதி 1732 ஜனவரி 26, பெல்கிரேட்.

இதைப் படித்தால் நமக்குச் சிரிப்புத்தான் வரும். பட்டிக்காட்டு மூடநம்பிக்கை என்று தள்ளிவிடத் தோன்றும். பார்பர் அங்கேதான் நம்மைப் பிடித்து நிறுத்துகிறார். அந்த ஜனங்கள் பொய் சொல்லவில்லை, பார்த்ததைத்தான் சொன்னார்கள் என்கிறார்.

செத்த உடம்பில் வாயு சேர்ந்தால் ஒல்லிக் கிழவியும் உப்பிப் போவாள். அந்த அழுத்தத்தில் நுரையீரலிலிருந்து ரத்தம் கலந்த நீர் மேலேறி வாய்க்கு வரும். மேல்தோல் கழன்றால் அடியில் இருப்பது புதுத்தோல் மாதிரித் தெரியும். தோல் சுருங்குவதால் தாடி வளர்ந்த மாதிரி இருக்கும். உப்பிய நெஞ்சில் ஆப்பை அடித்தால் உள்ளேயிருக்கும் வாயு தொண்டை வழியாக வெளியேறும். அதுதான் முனகல். பிணங்கள் எல்லாம் ஒரே வேகத்தில் மட்குவதும் கிடையாது. குளிர், ஈரம், குழியின் ஆழம், உடம்பின் வாகு என்று ஏகப்பட்ட காரணங்கள்.

ஆக, கண்ணால் பார்த்தது அத்தனையும் நிஜம். காரணம் மட்டும் தப்பு. வரிசையாகச் சாவு விழுகிறது. ஏன் என்று யாருக்கும் தெரியவில்லை. கிருமி என்ற ஒன்று இருப்பதே தெரியாத காலம். நோய்க்கு முகம் கிடையாது, ஆனால் போன மாதம் செத்த பக்கத்து வீட்டுக்காரருக்கு முகம் உண்டு. அவர் மேல் பழியைப் போட்டால், செய்வதற்கு ஏதோ ஒரு காரியமாவது கிடைக்கிறது.

அந்த அறிக்கை ஐரோப்பா முழுக்கப் பரவியது. 1732 மார்ச்சிலேயே லண்டன் பத்திரிகையில் செய்தி வந்துவிட்டது. ஜெர்மனியில் அதே வருஷம் புத்தகம் மேல் புத்தகம். 1746-ல் பிரான்ஸில் கால்மே என்ற பெரிய படிப்பாளிப் பாதிரியார் கிடைத்த சம்பவங்களையெல்லாம் தொகுத்துப் பெரிய நூலே போட்டார். வால்டேர் 1754-ல் கால்மேயின் மடத்தில் தங்கி அவருடைய நூலகத்தைப் பயன்படுத்திக்கொண்டவர்தான். பின்னால் எழுதிய கட்டுரையில் இந்த மாதிரி நூல்களைக் கிழி கிழியென்று கிழித்து, உண்மையான ரத்தம் உறிஞ்சிகள் பட்டப்பகலில் உலாவும் வியாபாரிகளும் மடத்துச் சாமியார்களும்தான் என்றார். ரூசோ இன்னும் நுணுக்கம். உலகத்திலேயே நன்றாக நிரூபிக்கப்பட்ட விஷயம் ஒன்று உண்டென்றால் அது ரத்தக்காட்டேரிதான். டாக்டர், பாதிரியார், நீதிபதி எல்லாருடைய சான்றிதழும் இருக்கிறது. ஆனாலும் யார் நம்புகிறார்கள் என்று 1763-ல் வெளியான ஒரு கடிதத்தில் கேட்டார். கையெழுத்தும் முத்திரையும் இருப்பதாலேயே ஒன்று உண்மையாகிவிடுமா என்பதுதான் கேள்வி.

இந்தக் கூத்துக்கு முடிவு கட்டியவர் ஒரு ஹாலந்து டாக்டர். 1755-ல் மொராவிய எல்லையில் ஹெர்மர்ஸ்டார்ஃப் என்ற ஊர். ரோசினா பொலாக்கின் என்ற பெண்ணின் பிணத்தைத் தோண்டியெடுத்தார்கள். அதைக் கயிற்றில் கட்டிய கொக்கியால், கல்லறைத் தோட்டத்துச் சுவரில் போட்ட ஓட்டை வழியாக வெளியே இழுக்க வேண்டும். யார் இழுத்தது தெரியுமா? அவளுடைய சொந்தக் குடும்பத்தையே இழுக்க வைத்தார்கள். பிறகு தலையை வெட்டி எரித்தார்கள்.

சேதி கேட்ட பேரரசி மரியா தெரசா இரண்டு மருத்துவர்களை விசாரிக்க அனுப்பினார். அவருடைய அரண்மனை மருத்துவர், லெய்டனில் பிறந்து வியன்னாவுக்கு வந்த ஹெரார்ட் வான் ஸ்வீட்டன், அதையெல்லாம் அலசி அறிக்கை எழுதினார். குளிரில், காற்றுப் புகாத இடத்தில் உடம்பு மட்காமல் இருப்பதில் அதிசயம் எதுவும் இல்லை. அதைச் சாக்காக வைத்துச் செத்தவர்களை அவமதிப்பதும் குடும்பங்களை வதைப்பதும்தான் அக்கிரமம் என்பது அவர் வாதம். 1755 மார்ச்சில் பேரரசியின் உத்தரவு வந்தது. அரசுக்குத் தெரியாமல் இந்த மாதிரிக் காரியம் எதுவும் நடக்கக்கூடாது. அதன் தொடர்ச்சியாக அடுத்த பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் சூனியக்காரி வழக்குகளுக்கும் கடிவாளம் விழுந்தது.

கல்லறையிலிருந்து துரத்தப்பட்ட காட்டேரி நேராகக் கதைப் புத்தகத்துக்குள் குடியேறிவிட்டது. 1816 கோடையில் ஜெனீவா ஏரிக்கரையில் பைரன் கூட்டம் பேய்க்கதை எழுதிப் பார்த்தபோது கூடவே இருந்தவர் பைரனின் டாக்டர் பாலிடோரி. அவருடைய 'வாம்பயர்' கதை 1819-ல் பைரன் பெயரிலேயே வெளிவந்தது. அதற்குப் போட்ட முன்னுரையில் யார் கதை வருகிறது என்கிறீர்கள்? சாட்சாத் நம்ம ஆர்னால்ட் பவுல்! 1872-ல் லெ ஃபானுவின் 'கார்மில்லா'. 1897-ல் பிராம் ஸ்டோக்கரின் 'டிராகுலா'. (நடுவில் 1870-ல் ரிச்சர்ட் பர்ட்டன் நம்ம விக்கிரமாதித்தன் வேதாளத்தையும் இங்கிலீஷில் வாம்பயர் ஆக்கிவிட்டார். முருங்கை மரத்தில் தொங்கியது ஒரு குத்தமா?)

கதைக்குள் வந்ததும் எல்லாம் தலைகீழ். கோப்பில் இருந்தவர்கள் விவசாயிகள், கிழவிகள், பிரசவத்தில் செத்த பெண்கள். கதையில் வருவது பிரபு. கோப்பில் உப்பிச் சிவந்த முகம், கதையில் வெளுத்த ஒல்லி முகம். ஸ்டோக்கர் நாவலையே டைரி, கடிதம், பத்திரிகைச் செய்தி, டாக்டரின் குறிப்பு என்று ஒரு கோப்பு மாதிரிதான் கட்டியிருக்கிறார். ஆனால் கடைசியில், எல்லாம் டைப் அடித்த நகல்தான், அசல் ஆவணம் என்று காட்ட ஏறக்குறைய எதுவும் இல்லை என்று ஒரு குறிப்பு வருகிறது. இல்லாத காட்டேரிக்கு வரலாற்றில் அசல் கையெழுத்து இருக்கிறது. கதையில் 'இருக்கும்' காட்டேரிக்குத்தான் ஆவணம் இல்லை!

இன்னொரு தலைகீழ்தான் என்னை ரொம்ப நாள் யோசிக்க வைத்தது. நாவலிலும் ஒரு ஹாலந்து டாக்டர் வருகிறார். வான் ஹெல்சிங். வரலாற்றில் வான் ஸ்வீட்டன் கல்லறையை மூடச் சொன்னார். நாவலில் வான் ஹெல்சிங் திறக்கச் சொல்கிறார். லூசி என்ற பெண்ணின் நெஞ்சில் ஆப்பை வைத்து, அவளைக் கட்டிக்கப் போகிறவனாக இருந்த ஆர்தர் கையிலேயே சுத்தியலைக் கொடுத்து அடிக்க வைக்கிறார். பத்தாம் வகுப்பில் அந்த இடத்தைப் படித்தபோது "அடிடா, அடி" என்றுதான் மனசுக்குள் கத்தினேன். இப்போது படித்தால் கயிற்றைப் பிடித்து இழுக்கும் ரோசினாவின் குடும்பம்தான் கண்ணில் நிற்கிறது. கதையில் அந்த ஆப்பு விடுதலை. நிஜத்தில் அது, சாவு விழுந்த வீட்டுக்கு இன்னொரு சாவு.

2020 ஏப்ரலில் சென்னையில் கொரோனாவில் இறந்த ஒரு டாக்டரைப் புதைக்க விடாமல் ஒரு கூட்டம் ஆம்புலன்ஸ் மேல் கல்லெறிந்தது நினைவிருக்கும். பிணத்திலிருந்து நோய் ஊருக்குள் வரும் என்ற பயம். நடு ராத்திரியில் கூட வேலை பார்த்த டாக்டர் ஒருவர்தான் அவரைப் புதைக்க வேண்டியிருந்தது. அந்தச் செய்தியைப் படித்த ராத்திரி, அலமாரியிலிருந்து பார்பரை எடுத்து மெட்வெஜா அறிக்கையைத் திரும்பவும் படித்தேன்.

அதற்கப்புறம் அந்தச் செர்பியக் கிராமத்து ஜனங்களைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்ததே இல்லை.