கட்டளை அவனுக்கு! கண்ணீரும் கேள்வியும் அவளுக்கு!

1843-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 12-ஆம் நாள். அமெரிக்க நாட்டிலே, மிசிசிப்பி ஆற்றங்கரையில் அமைந்த நாவூ நகரிலே, ஓர் அம்மையார் முன் ஒரு தாள் படிக்கப்பட்டது. படித்தவர் அவர் கணவரின் அண்ணன். எழுதச் சொன்னவர் அவர் கணவர். ஆனால் சொன்னவன் ஆண்டவனாம்! ஆடவன் பல மாதரை மணக்கலாம், அது பாவமன்று, மறுமைப் பேற்றுக்கு வழி என்றது அந்தத் தாள். அத்துடன் நின்றதா? இல்லை! அந்த அம்மையாரின் பெயரையே குறிப்பிட்டு, இசைந்தால் நன்மை, இசையாவிடில் அழிவு என்று எச்சரித்தது. கேட்ட அம்மையார், அதில் ஒரு சொல்லையும் நம்பவில்லை என்று கூறிவிட்டார். கணவரின் எழுத்தர் அன்றே தம் நாட்குறிப்பில் குறித்து வைத்த செய்தி இது.

அம்மையாரின் பெயர் எம்மா. கணவர், மார்மன் சமயத்தைத் தோற்றுவித்த ஜோசப் ஸ்மித்.

எங்கோ ஒரு நாட்டில், எவரோ கண்ட மதம். அதன் கதை நமக்கெதற்கு என்று கேட்கத் தோன்றும். காரணம் உண்டு, தோழர்களே! பழைய மதங்களின் பிறப்பு காலத்தின் பனிமூட்டத்திலே மறைந்து கிடக்கிறது. எவர் எழுதினார், எந்நாளில் எழுதினார், எவருடைய நலத்துக்காக எழுதினார் என்று கேட்டால், "அநாதி" என்ற ஒரே சொல்லால் வாயை அடைத்துவிடுவர். மார்மன் சமயமோ அச்சுப்பொறியின் காலத்திலே பிறந்தது. செய்தித்தாளும் நீதிமன்றமும் நாட்குறிப்பும் அதற்குச் சான்று. கட்டளை எப்படி இறங்குகிறது, எவர்மீது இறங்குகிறது என்பதை நாள் குறித்துக் காட்டும் வரலாறு அது.

1830-இல் நியூயார்க் மாநிலத்திலே சபை பிறந்தது. அதே ஆண்டு ஜூலையில் வந்த வெளிப்பாடு ஒன்று எம்மாவைத் 'தெரிந்தெடுக்கப்பட்ட பெருமாட்டி' என்று போற்றிற்று. சபைக்கான பாடல்களைத் தொகுக்கும் பணியையும் அவருக்குத் தந்தது. 1842 மார்ச்சு 17-ஆம் நாள் நாவூ நகரில் பெண்களுக்கென ஒரு துணைச் சங்கம் எழுந்தது. எம்மா தலைவி, எலைசா ஸ்னோ செயலாளர். ஏழைக்கு உதவுவது, நோயாளியைப் பேணுவது, தம் கூட்டத்தைத் தாமே நடத்துவது என்று கிளம்பிய இருபது பேர், இரண்டே ஆண்டில் ஆயிரத்தைத் தாண்டினர். அந்த நாளில், ஒரு சமயத்துக்குள்ளே பெண்கள் தமக்கென ஓர் அமைப்பும் தமக்கென ஒரு குரலும் பெற்றது சிறு செயலன்று.

ஆனால் அந்தக் குரல் எதைப் பேசிற்று? தலைவி எம்மா, அந்தச் சங்க மேடையையே பலதார மணத்துக்கு எதிராகப் பயன்படுத்தினார். 1844 மார்ச்சுக்குப் பின் சங்கம் கூடவில்லை. அவ்வாண்டு ஜூனில் கார்த்தேஜ் சிறையிலே ஸ்மித் கொல்லப்பட்டார். அடுத்துத் தலைமை ஏற்ற பிரிகாம் யங், 1845-இல், பெண்கள் சங்கம் கூட வேண்டாம் என்று தடுத்தார். பேசச் சொல்லிக் கொடுத்த மேடை, பேசியவுடன் பறிக்கப்பட்டது!

யங்கின் பின்னே மேற்கு நோக்கிப் புறப்பட்டது கூட்டம். எம்மா போகவில்லை. நாவூவிலேயே தங்கினார், மறுமணம் செய்துகொண்டார், 1879-இல் அங்கேயே மறைந்தார். தம் முதற்கணவர் வேறு மனைவியரைக் கொள்ளவே இல்லை என்று இறுதிவரை சொன்னார். அது பொய்யா? தாங்க முடியாத உண்மைக்குப் போட்ட திரையா? தீர்ப்புக் கூற நாம் யார்! 2014-ஆம் ஆண்டில் அந்தச் சபையே வெளியிட்ட கட்டுரைகள், ஸ்மித்துக்கு மனைவியர் முப்பதுக்கும் நாற்பதுக்கும் இடையே இருந்திருக்கலாம் என்றும், அவர்களுள் ஒரு பெண்ணுக்குப் பதினைந்து வயதுகூட நிறையவில்லை என்றும், எம்மா பட்ட வேதனை கொடியது என்றும் ஒப்புக்கொண்டன. எம்மாவின் கண்ணீரை ஏட்டில் ஏற்க அவர்களுக்கு 171 ஆண்டுகள் தேவைப்பட்டன!

இனி, யூட்டா. 1847-இல் உப்பேரிக் கரையை அடைந்தவர்கள் ஊர் அமைத்தனர். 1852-இல் பலதார மணத்தை வெளிப்படையாக அறிவித்தனர். யங்குக்கு மனைவியர் ஐம்பதுக்கு மேல்! இதைக் கேட்டவுடன், அங்கிருந்த பெண்கள் வாயில்லா அடிமைகள் என்று முடிவு கட்டத் தோன்றும். பகுத்தறிவாளன் அவசரப்படலாகாது. வரலாறு காட்டும் காட்சி வேறு.

1870 ஜனவரியில் சால்ட் லேக் நகரின் பெருமண்டபத்திலே ஆயிரக்கணக்கான மாதர் திரண்டனர். எதற்கு? பலதார மணத்தை ஒழிக்க வாஷிங்டனில் கொண்டுவரப்பட்ட மசோதாவை ஆதரிக்கவா? அல்ல, எதிர்க்க! அடுத்த திங்களே, பிப்ரவரி 12-ஆம் நாள், யூட்டாப் பெண்களுக்கு வாக்குரிமை வந்தது. 14-ஆம் நாள், பள்ளி ஆசிரியை செராஃப் யங், ஆணுக்கு நிகரான வாக்குரிமைச் சட்டத்தின்கீழ் அமெரிக்காவில் வாக்களித்த முதற்பெண் ஆனார். உரிமை தந்தால் பலதார மணத்தை இப்பெண்களே வீழ்த்துவர் என்று கிழக்கே சிலர் எண்ணினர். வீழ்த்தவில்லை. ஏன்?

கடல் கடந்து, பாலை கடந்து, பெற்றோரையும் பிறந்த மண்ணையும் இழந்து வந்தவர்கள் அவர்கள். நம்பிக்கை ஒன்றே கையில் எஞ்சிய பொருள். மணம் செல்லாது என்று ஒப்புக்கொண்டால், மடியில் தவழும் மழலைக்கு உலகம் என்ன பெயர் சூட்டும்? வெளியே இருந்து சீர்திருத்தம் பேசியவர்களோ, அவர்களை மீட்கவேண்டிய மாதராகப் பார்த்தனரே அன்றி, மதிக்கவேண்டிய மாதராகப் பார்க்கவில்லை. அத்துடன், அந்தச் சமூகம் அவர்களுக்குச் சில கதவுகளைத் திறந்தும் வைத்தது. 1872-இல் 'உமன்ஸ் எக்ஸ்போனென்ட்' என்னும் ஏட்டைப் பெண்களே தொடங்கினர். 1914 வரை நடத்தினர். ரொமேனியா பிராட், எல்லிஸ் ஷிப் போன்றோர் பிலடெல்பியா சென்று மருத்துவம் பயின்று திரும்பினர். 1882-இல் துணைச் சங்கத்தார் மருத்துவமனையே கண்டனர். எல்லிஸ் ஷிப் படிக்கச் சென்றபோது, அவர் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டவர்கள் அவர் கணவரின் மற்ற மனைவியர்! விலங்கையே ஏணியாக்கி ஏறிய கதை இது. ஏறியதைப் போற்றுவோம், அதற்காக விலங்கை அணிகலன் என்று சொல்லோம்.

விலங்கை வீசியெறிந்தவரும் உண்டு. யங்கின் மனைவியருள் ஒருவரான ஆன் எலைசா, 1873-இல் மணவிலக்குக் கோரி வழக்குத் தொடுத்தார், ஊர் ஊராகச் சென்று மேடையேறித் தம் வாழ்வை எடுத்துரைத்தார், நூலும் எழுதினார். நீதிமன்றம் என்ன சொல்லிற்று? பலதார மணம் சட்டப்படி மணமே அன்று. ஆகவே வாழ்க்கைப்படியும் இல்லை என்று 1877-இல் முடித்தது. மதம் மனைவி என்றது. சட்டம் மனைவியல்லள் என்றது. இரண்டுக்கும் இடையே கைவிடப்பட்டவள் பெண்.

1887-இல் வாஷிங்டன் ஒரு கடுஞ்சட்டம் இயற்றிற்று. பலதார மணத்தை ஒடுக்க வந்த அச்சட்டம், சபையின் சொத்தைக் கைப்பற்ற வழி செய்தது. கூடவே, பதினேழு ஆண்டுகள் வாக்களித்த யூட்டாப் பெண்கள் அனைவரின் வாக்குரிமையையும் பறித்தது! ஆண்கள் வகுத்த குற்றம், ஆண்கள் வகுத்த தண்டனை, பறிபோனது பெண்ணின் உரிமை. 1890 மே திங்களில் உச்சநீதிமன்றம் சொத்துப் பறிமுதல் செல்லும் என்றது. செப்டம்பரில் சபைத் தலைவர் வில்ஃபர்ட் உட்ரஃப், பலதார மணத்தைக் கைவிடுமாறு அறிவிப்பு வெளியிட்டார். என்றுமுள்ள கட்டளை என்றார்களே, அது நாற்பத்தேழு ஆண்டிலே மாறிற்று!

1896-இல் யூட்டா மாநிலமானபோது வாக்குரிமை மீண்டது. அவ்வாண்டு நவம்பரில் மார்த்தா ஹியூஸ் கேனன் மாநில மேலவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அமெரிக்காவில் அப்பதவி பெற்ற முதற்பெண் அவரே. மருத்துவர், நான்காம் மனைவி, கணவருக்கு எதிராகச் சாட்சி சொல்ல நேராதிருக்க இங்கிலாந்துக்குக் கைக்குழந்தையுடன் ஓடி மறைந்து வாழ்ந்தவர். அந்தத் தேர்தலில் எதிரணி வேட்பாளருள் ஒருவர் யார் தெரியுமா? அவருடைய கணவர்! மனைவி வென்றார், கணவர் தோற்றார்.

இன்னொருவர் கதையையும் சொல்லியாக வேண்டும். ஜேன் மானிங் ஜேம்ஸ், கறுப்பினப் பெண்மணி. 1843-இல் பஃபலோ நகரிலே படகில் இடம் மறுக்கப்பட்டு, குடும்பத்தாருடன் ஏறத்தாழ 800 கல் தொலைவு நடந்தே நாவூ வந்து சேர்ந்தவர். ஸ்மித் வீட்டிலே வேலை செய்தார். கூட்டத்துடன் யூட்டாவுக்கும் சென்றார். ஆலயத்தின் உயர் சடங்குகளைப் பெற விரும்பினார். தோல் கறுப்பு, உள்ளே வராதே என்றனர். இந்தச் சொல் நம் செவிக்குப் புதியதன்று! மீண்டும் மீண்டும் விண்ணப்பித்தார். 1894-இல் ஒரு சடங்கு நடத்தினர். எப்படி? மறுமையிலும் ஸ்மித் குடும்பத்துக்கு அவர் பணியாள் என்று பிணைத்து! அதற்கும் அவரை உள்ளே விடவில்லை. அவருக்குப் பதிலாக வெள்ளை மாது ஒருவர் நின்றார். 1908-இல் ஜேன் மறைந்தார். நிறத்தடை நீங்கியது 1978-இல். எழுபது ஆண்டுகள் கல்லறையிலே காத்திருந்தது அந்த விண்ணப்பம்.

இருபதாம் நூற்றாண்டிலே கேள்வி நூல்வடிவம் கொண்டது. ஃபான் பிரோடி, சபையின் உயர் தலைவர் ஒருவரின் தம்பி மகள். 1945-இல் ஜோசப் ஸ்மித்தின் வரலாற்றை, தெய்வத் தூதராக அன்று, மனிதராகக் காட்டி எழுதினார். 1946-இல் சபையிலிருந்து நீக்கப்பட்டார். யுவனிட்டா புரூக்ஸ், 1857-இல் மார்மன் படையினர் மவுண்டன் மெடோஸில் ஏறத்தாழ 120 வழிப்போக்கரைக் கொன்ற கொடுமையை ஆராய்ந்து 1950-இல் நூல் வெளியிட்டார். அவரை நீக்கவில்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டனர். அவரும் சபையை விடவில்லை. ஒருவர் வெளியே நின்று உண்மை உரைத்தார். ஒருவர் உள்ளே நின்று உண்மை உரைத்தார். எவர் துணிவு பெரிது? தராசு என் கையில் இல்லை.

இதற்கிடையே பெண்களின் இடம் சுருங்கிக்கொண்டே வந்தது. நோயுற்றோர்மீது கைவைத்து வேண்டும் வழக்கம் முன்னாளில் மாதருக்கும் இருந்தது; 1946-இல் அதை ஆண்களிடமே விடுவது நலம் என்றனர். 1970-இல் துணைச் சங்கத்தின் ஏடு நிறுத்தப்பட்டது. நிதியும் ஆண் தலைமையின் கீழ்ச் சென்றது. 1974-இல் பாஸ்டன் பகுதி மார்மன் மாதர், ஹார்வர்டு நூலகத்தில் தம் பாட்டிமார் நடத்திய ஏட்டைக் கண்டெடுத்து, அதன் பெயராலேயே புதிய ஏடு தொடங்கினர். தம் காலத்தில் தமக்கில்லாத உரிமைகள், தம் பாட்டிமாருக்கு இருந்தன என்று கண்டபோது எழுந்த வியப்பை எண்ணிப் பாருங்கள்!

ஆண் பெண் சமஉரிமைத் திருத்தத்தைச் சபை 1976-இல் எதிர்த்தது. ஆதரித்துப் போராடிய சோனியா ஜான்சன் 1979 டிசம்பரில் நீக்கப்பட்டார். 1993 செப்டம்பரில் ஆறு அறிஞர்மீது நடவடிக்கை பாய்ந்தது. அவர்களுள் ஒருவர் லவினா ஃபீல்டிங் ஆண்டர்சன். கேள்வி கேட்ட அறிஞர்களைச் சபை எவ்வாறு ஒடுக்கியது என்று நாள்வாரியாகத் தொகுத்தெழுதியதே அவர் செய்த குற்றம். நீக்கப்பட்டபின்னும், கிழமைதோறும் அதே வழிபாட்டிடத்துக்குச் சென்று அமர்ந்தார். 2019-இல் மீண்டும் சேர விண்ணப்பித்தார், மறுத்தனர். 2023-இல் மறைந்தார். பெண்ணுக்கும் குருத்துவம் வேண்டும் என்று இயக்கம் கண்ட கேட் கெல்லி 2014-இல் நீக்கப்பட்டார்.

மாறுதலே இல்லை என்று சொல்வது நேர்மையாகாது. 2013-இல் முதன்முறையாக ஒரு பெண் சபையின் பொது மாநாட்டில் வேண்டுதல் சொன்னார். 2019-இல் ஞானமுழுக்குக்குப் பெண்ணும் சாட்சி நிற்கலாம் என்றனர். ஆயினும், பன்னிரண்டு வயதை ஒட்டிய சிறுவன் பெறும் குருத்துவம், எண்பது வயது மூதாட்டிக்கு இன்றும் இல்லை.

இளைஞர்களே! இவ்வரலாற்றிலே இரண்டு பாடங்கள் உள்ளன. ஒன்று: அரசு தட்டியபோது வானம் உடனே திறந்து புதுக்கட்டளை தந்தது, பெண் தட்டியபோது தலைமுறை தலைமுறையாகத் தாழிட்டுக் கிடந்தது. தாழ் வானத்தில் இல்லை, ஆடவர் கையிலே என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? மற்றொன்று: நம்பும் பெண்ணை நகைப்பது பகுத்தறிவன்று. ஒரு சொல்லையும் நம்பவில்லை என்ற எம்மாவும், மறுக்க மறுக்க விண்ணப்பித்த ஜேனும், நீக்கியபின்னும் போய் அமர்ந்த லவினாவும் ஏட்டைப் படித்து ஐயம் கொண்டவர்கள் அல்லர். வாழ்ந்து ஐயம் கொண்டவர்கள். அந்த ஐயம் பிறந்த இடம் வழிபாட்டறையின் கடைசி இருக்கையாக இருக்கலாம். அங்கே அமர்ந்திருப்பவளிடம் ஏளனத்தோடு போகாதீர்கள். காது கொடுத்துக் கேட்கும் தோழனாகப் போங்கள்.